புரொசஸ் எக்ஸ்புளோரர்: கணினியின் பின்னணியைப் படித்தறிய ஒரு கருவி

கணினி மெதுவாகிவிட்டது என்று சொல்லிக் கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ ஒரு திருத்தகத்துக்கு அதைக் கொண்டுபோனால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஃபோமட் அடித்து விண்டோசைப் புதிதாக ஏற்றித் தருகிறோம் என்பதுதான். அது பொய்யான வைத்தியமன்று. சில வாரங்களுக்குக் கணினி விரைவாகத்தான் ஓடும். ஆனால் எது அதை மெதுவாக்கியது என்று எவரும் பார்க்காததால், அதே மென்பொருள்கள் திரும்ப ஏற்றப்பட்டதும் பழைய நிலைமை திரும்பிவிடுகிறது. இடையில் சிலருடைய படங்களும் கடிதங்களும் பரீட்சை வினாத்தாள்களும் அழிந்துபோகின்றன. ஃபோமட் அடிப்பதற்கு முன்னர் பத்து நிமிடம் ஒதுக்கி, பின்னணியில் எவை ஓடுகின்றன, அவற்றை யார் தொடக்கினார்கள், அவை எதற்காக ஓடுகின்றன என்று பார்ப்பதற்கு உதவும் ஒரு சிறிய மென்பொருளைப் பற்றியது இந்த மதிப்பீடு. மைக்ரோசொப்ட் நிறுவனம் இலவசமாக வழங்கும் புரொசஸ் எக்ஸ்புளோரர் என்பது அதன் பெயர். களுவாஞ்சிகுடியில் தட்டச்சும் போட்டோக்கொப்பியும் செய்யும் ஒரு நிலையத்தின் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இதை நான் நாளாந்தம் பாவிக்கிறேன். பின்னணியைப் படித்தறிவதற்கு இதைவிடச் சிறந்த இலவசக் கருவி விண்டோசுக்கு இல்லை என்பது என் முடிவு. ஆயினும், எல்லோருடைய கையிலும் அப்படியே கொடுத்துவிடக்கூடிய கருவியும் அன்று இது.

இதன் பிறப்பு 1990களுக்குப் போகிறது. மார்க் ருசினோவிச், பிரைஸ் கொக்ஸ்வெல் என்ற இருவரும் 1996இல் விண்டோசின் உட்பகுதிகளைத் திறந்து காட்டும் சிறு கருவிகளை எழுதி இணையத்தில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தத் தொகுதியே சிஸின்டேர்னல்ஸ் என்று பெயர்பெற்றது. 2006 ஜூலையில் மைக்ரோசொப்ட் அவர்களுடைய நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகும் கருவிகளை மூடிவிடாமல் தொடர்ந்து இலவசமாகவே வெளியிட்டு வருவது பாராட்டப்பட வேண்டியது. நாம் எல்லோரும் அறிந்த டாஸ்க் மனேஜரும் அதே 1996இல், விண்டோஸ் என்டி 4.0 உடன்தான் முதன்முதலில் வந்தது. இரண்டின் வேரும் ஒரே காலத்தது என்றாலும் அவற்றின் நோக்கம் வேறுபட்டது. டாஸ்க் மனேஜர் எது அதிகம் தின்கிறது என்று காட்டுகிறது. புரொசஸ் எக்ஸ்புளோரர் எது யாருடையது என்று காட்டுகிறது.

தரவிறக்க வேண்டிய கோப்பு சில மெகாபைட் மட்டுமே. நிறுவத் தேவையில்லை, சிப் கோப்பை விரித்து பென் டிரைவில் போட்டுக்கொண்டால் எந்தக் கணினியிலும் திறக்கலாம். முதல்தடவை உரிம ஒப்பந்தத்தை ஏற்கும்படி கேட்கும். மவுசின் வலப் பொத்தானை அழுத்தி நிர்வாகி உரிமையுடன் திறந்தால்தான் முறைமைக்குச் சொந்தமான செயன்முறைகளின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களின், விவரங்கள் முழுமையாகத் தெரியும். சாதாரணமாகத் திறந்தால் பல கட்டங்கள் வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு கருவி பழுது என்று சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

திறந்தவுடன் கண்ணுக்குப் படுவது ஒரு வம்சாவளி. ஒவ்வொரு செயன்முறையும் தன்னைப் பிறப்பித்த செயன்முறையின் கீழே, சற்று உள்தள்ளி எழுதப்பட்டிருக்கும். மேலே வின்இனிட் என்று ஒன்று. அதன் கீழே சேர்விசஸ் என்ற பெயருடைய சேவை முகாமையாளர்; பின்னணியில் ஓடும் சேவைகளைத் தொடக்கி நடத்துவது இதுதான். அதன் பிள்ளைகளாக எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் வரிசையாகப் பல. அவற்றுக்கிடையே அச்சிடலைக் கவனிக்கும் ஸ்பூலர், வைரசுக் காவலான டிஃபென்டர், இன்னும் சில. தனியாக வேறோர் இடத்தில் எக்ஸ்புளோரர் என்ற செயன்முறை நிற்கும். அதுதான் நாம் பார்க்கும் டெஸ்க்டொப்பும் பணிப்பட்டையும். நாம் மவுசால் திறந்த வேர்ட், குரோம் முதலியன பெரும்பாலும் அதன் பிள்ளைகளாக இருக்கும். இந்த ஒரு காட்சியே பாதிச் சந்தேகங்களைத் தீர்த்துவிடும். சேவை முகாமையாளரின் கீழே இருப்பது எவரும் உள்நுழையாதபோதும் ஓடக்கூடியது. எக்ஸ்புளோரரின் கீழே இருப்பது நம் பெயரில், நாம் உள்நுழைந்த பிறகு தொடங்கியது. நிறங்களும் இதற்கு உதவுகின்றன. இயல்பான அமைப்பில் இளஞ்சிவப்பு சேவைகளைக் குறிக்கும். இளநீலம் நம் கணக்கில் ஓடுபவற்றைக் குறிக்கும். புதிதாகப் பிறந்தது ஒரு கணம் பச்சையாகவும், முடிந்துபோவது ஒரு கணம் சிவப்பாகவும் மின்னி மறையும்.

உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் பணிசெயல் முறைமை செயன்முறைகளை எவ்வாறு முகாமை செய்கிறது என்று மாணவர்கள் படிக்கிறார்கள். பிறப்பு, தயார், ஓட்டம், காத்திருப்பு, முடிவு என்று கரும்பலகையில் வட்டங்கள் வரைந்து அம்புக்குறி போட்டுக் காட்டுவதோடு அந்தப் பாடம் பல இடங்களில் முடிந்துவிடுகிறது. ஆசிரியர் இந்தச் சாளரத்தை ஒரு புரொஜெக்டரில் திறந்து வைத்து, கல்குலேட்டரையும் நோட்பேடையும் திறந்து மூடிக் காட்டினால், வட்டமும் அம்பும் கண்முன்னே நடப்பதை மாணவர் காண்பர். ஒரு செயன்முறையைத் தெரிவுசெய்து சஸ்பென்ட் கொடுத்தால் அது சாம்பல் நிறமாகி, அதன் சாளரம் எந்தச் சொடுக்குக்கும் பதில் சொல்லாமல் நிற்கும். ரெசியூம் கொடுத்தவுடன் விட்ட இடத்திலிருந்து தொடரும். கணினிக் கூடம் உள்ள பாடசாலை ஒவ்வொன்றிலும் இந்த ஒரு பாடமாவது இப்படி நடக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

மக்கள் அதிகம் அஞ்சும் பெயர் எஸ்விசிஹோஸ்ட். காத்தான்குடியில் ஒரு புடைவைக் கடையின் பில் போடும் கணினியைப் பார்க்கப் போனபோது, கடைக்காரர் டாஸ்க் மனேஜரைக் காட்டி, "தம்பி, ஒரே பேரில இத்தனை ஓடுது, இது வைரஸ்தானே?" என்று கேட்டார். "இல்லை நானா, ஒவ்வொண்டும் ஒவ்வொரு வேலைக்காரன்" என்று சொல்லி, புரொசஸ் எக்ஸ்புளோரரைத் திறந்து ஒவ்வொரு வரியின் மேலும் மவுசை வைத்துக் காட்டினேன். மவுசை வைத்தவுடன் அந்த எஸ்விசிஹோஸ்டின் உள்ளே எந்தச் சேவை ஓடுகிறது என்பது சிறு பெட்டியில் தோன்றும்: ஒன்றில் வலையமைப்பு முகவரி பெறும் சேவை, இன்னொன்றில் ஒலிச் சேவை, மற்றொன்றில் விண்டோஸ் அப்டேட். விண்டோசின் பல சேவைகள் தனி மென்பொருளாக இல்லாமல், தாமாக ஓட இயலாத டிஎல்எல் கோப்புகளாக எழுதப்பட்டிருக்கின்றன. அவை ஓட ஒரு வீடு வேண்டும். அந்த வீடுதான் எஸ்விசிஹோஸ்ட். முன்பு ஒரே வீட்டில் பல சேவைகள் கூட்டாக இருந்தன; ஒன்று விழுந்தால் கூட இருந்தவையும் விழுந்தன. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி வீடு கொடுக்கப்பட்டது. ஆகவே 4 ஜிகாபைட் நினைவகம் போட்ட கணினியில் எஸ்விசிஹோஸ்ட் பெருகிக் கிடப்பது நோயின் அறிகுறி அன்று, அமைப்பின் இயல்பு. உண்மையான எஸ்விசிஹோஸ்ட் விண்டோசின் சிஸ்டம்32 கோப்புறையில் இருக்கும். அதன் பெற்றோர் சேவை முகாமையாளராக இருக்கும். அதே பெயரோடு வேறு கோப்புறையிலிருந்து ஒன்று ஓடினால், அல்லது அது எக்ஸ்புளோரரின் பிள்ளையாக நின்றால், அப்போது சந்தேகப்பட வேண்டும். வைரஸ் எழுதுபவர்கள் இந்தப் பெயரைக் கடன் வாங்குவது பழைய வழக்கம்.

இதேபோல வீணாகப் பழி சுமப்பது சிஸ்டம் ஐடில் புரொசஸ். தொண்ணூறு வீதத்துக்கு மேல் என்று அதன் எதிரே இலக்கம் நின்றால், புரொசசரின் பெரும்பகுதி வேலையின்றி இருக்கிறது என்பதே பொருள். பட்டியலில் நினைவகத்தைக் காட்டும் இரண்டு நிரல்களையும் (column) புரிந்துகொள்ள வேண்டும். பிரைவேட் பைட்ஸ் என்பது அந்தச் செயன்முறை தனக்கென்று மட்டும் ஒதுக்கிக்கொண்டது. வேர்க்கிங் செட் என்பது இப்போது நினைவகத்தில் இருப்பது, மற்றவற்றோடு பகிர்ந்துகொண்டதும் அதில் அடங்கும். வேர்க்கிங் செட்டை எல்லாம் கூட்டிப் பார்த்து, கணினியில் இருப்பதைவிட அதிகமாக வருகிறதே என்று மலைக்கத் தேவையில்லை.

நம் பகுதியில் வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் வரும் கணினிகளில் கணிசமானவை, கம்பனிகளில் பாவித்துக் கழித்த டெஸ்க்டொப்கள். 4 ஜிகாபைட் நினைவகமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள அத்தகைய கணினியில் விண்டோஸ் 10ஐப் போட்டால், காலையில் திறந்த பின் நீண்ட நேரம் டிஸ்க்கின் பாவனை நூறு வீதத்தில் நிற்கும். அந்த நேரத்தில் புரொசஸ் எக்ஸ்புளோரரைத் திறந்து, வாசிப்பும் எழுத்தும் எவ்வளவு என்று காட்டும் நிரல்களைச் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் நான்கைந்து பெயர்களே மாறி மாறி மேலே வரும். அப்டேட்டுகளை அவிழ்த்துப் பொருத்தும் டைவேர்க்கர். கோப்புகளைப் பரிசோதிக்கும் டிஃபென்டரின் எம்எஸ்எம்பிஇங். தேடலுக்காகப் பெயரட்டவணை தயாரிக்கும் சேர்ச் இன்டெக்சர். அடிக்கடி பாவிப்பவற்றை முன்கூட்டியே நினைவகத்துக்குக் கொண்டுவரும் சிஸ்மெயின், அதாவது முன்னர் சூப்பர்ஃபெச் என்று அழைக்கப்பட்டது. கணினி பற்றிய விவரங்களைத் திரட்டி மைக்ரோசொப்டுக்கு அனுப்பும் கொம்பட்டெல்ரன்னர். இவற்றில் எதுவும் கள்ளன் அல்ல. ஐந்தும் ஒரே நேரத்தில் ஒரே டிஸ்க்கின் முள்ளை ஐந்து பக்கம் இழுப்பதுதான் தொல்லை. கணினியை நாளாந்தம் சிறிது நேரமே திறப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். ஏனெனில், தள்ளிப்போடப்பட்ட வேலைகள் அனைத்தும் திறந்தவுடன் ஓடி வருகின்றன. ஒரு நாள் மதியம் வேலையில்லாத நேரத்தில் கணினியைத் திறந்து வைத்து, அது தன் வேலைகளை முடிக்க விடுங்கள் என்பதே நான் முதலில் சொல்லும் யோசனை. அதன் பிறகும் தாங்காவிட்டால், செலவழிக்கும் காசை ஃபோமட்டுக்குக் கொடுக்காமல் சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்கான ஒரு சிறிய எஸ்எஸ்டிக்குக் கொடுப்பது நல்லது. கருவி காட்டிய இலக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லும்போது கணினியின் உரிமையாளரும் ஏற்றுக்கொள்கிறார்.

கணினியை வேகமாக்குகிறோம் என்ற பெயரில் சேவைகளைக் கூட்டாக முடக்கும் மென்பொருள்களும், இன்னின்ன சேவைகளை நிறுத்துங்கள் என்ற பட்டியல்களும் நிறையப் பரவுகின்றன. இவற்றை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு சேவையின் தொடக்க முறை தானாக, தாமதித்துத் தானாக, கைமுறை, முடக்கம் என நான்கு வகைப்படும். தாமதித்துத் தொடங்கும் முறை விஸ்டாவில் வந்தது. அவ்வாறு குறிக்கப்பட்ட சேவைகள் கணினி எழுந்து ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் கழித்தே தொடங்கும். கைமுறை என்று இருப்பதும் பயனற்றது அன்று. விண்டோஸ் 7 முதல், ஒரு கருவி செருகப்படுவது போன்ற நிகழ்வு நேர்ந்தால் தானே எழுந்து, வேலை முடிந்ததும் தானே அடங்கும்படி பல சேவைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அத்தகையவற்றை முடக்கினால் வேகம் கூடாது. பிறகொரு நாள் புளூடூத்தோ ஸ்கேனரோ வேலை செய்யாதபோதுதான் அதன் விலை தெரியும். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில், வாசலில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, எவரோ ஒருவர் அச்சிடல் ஸ்பூலரை முடக்கி வைத்ததனால் ஒரு தாளும் வெளிவராத நிலைமை என்னவென்று இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு விளங்கும். அதேவேளை, அச்சுப்பொறியே இணைக்கப்படாத கணினியில் ஸ்பூலரை நிறுத்தி வைப்பது அறிவுடைமைதான். 2021இல் பிரின்ட்நைட்மேர் என்று பெயர்பெற்ற பாதுகாப்புக் குறைபாடு அந்தச் சேவையில்தான் வெளிப்பட்டது. அப்போது மைக்ரோசொப்டே, தேவையில்லாத இடங்களில் அதை நிறுத்தும் வழியைப் பரிந்துரைத்தது. சேவை எதைச் செய்கிறது, அந்த வேலை இந்தக் கணினிக்கு வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகு முடக்குவதில் தவறில்லை. புரொசஸ் எக்ஸ்புளோரரில் ஒரு செயன்முறையை இரட்டைச் சொடுக்கி, சேவைகளுக்கான தாவலைத் திறந்தால் அந்தச் சேவையின் விளக்கமும் அங்கேயே கிடைக்கிறது.

கருவியின் மிகப் பெறுமதியான பகுதி, கையொப்பச் சோதனை. ஒப்ஷன்ஸ் பட்டியலில் கையொப்பங்களைச் சரிபார்க்கும் தெரிவை இயக்கினால், ஒவ்வொரு செயன்முறையின் கோப்பும் அதை வெளியிட்ட நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்து எழுதும். அதற்கு அருகிலேயே வைரஸ்டோட்டல் சோதனையும் உண்டு. கோப்பின் சுருக்கக் குறியீட்டை மட்டும் இணையத்துக்கு அனுப்பி, பல வைரசு எதிர்ப்பு நிறுவனங்களில் எத்தனை அதைத் தீங்கானது என்று சொல்கின்றன எனத் திரையில் காட்டும். இணைய இணைப்பு மெதுவாக இருந்தாலும் இது ஓடிவிடும். ஏனெனில் அனுப்பப்படுவது மிகச் சிறியது. முழுக் கோப்பையும் அனுப்பும் தெரிவு தனியாக இருக்கிறது. அதை இயக்காமல் விடுவது நல்லது.

ஆனால் இந்தச் சோதனையின் விடையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பக்கமும் அது ஏமாற்றக்கூடியது. கையொப்பம் இல்லாதது எல்லாம் தீயது அன்று. தமிழில் தட்டச்சுச் செய்வதற்கு இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் போன்றவற்றை நம்மில் பலர் பாவிக்கிறோம். தன்னார்வலர்களும் சிறு குழுக்களும் எழுதும் இத்தகைய மென்பொருள்கள் கையொப்பத்துக்கான ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தாமல் வருவது உலகெங்கும் வழக்கம். இவை பணிப்பட்டையின் மூலையில் அமர்ந்து, நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் கவனித்துத் தமிழ் எழுத்தாக மாற்றுகின்றன. விசைகளைக் கவனிக்கும் கையொப்பமற்ற செயன்முறை என்று மட்டும் பார்த்தால் கடவுச்சொல் திருடும் மென்பொருளின் இலக்கணமும் இதேதான். தெரியாதவர் அதை நிறுத்திவிட்டுப் போனால், மறுநாள் தட்டச்சுச் செய்யும் தங்கைக்கு ஆங்கில எழுத்துகள்தான் வரும். ஆகவே எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது, யார் ஏற்றியது, எப்போதிருந்து இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மறுபக்கமாக, கையொப்பம் இருப்பது எல்லாம் நல்லதும் அன்று. பென் டிரைவில் உள்ள கோப்புறைகளையெல்லாம் மறைத்துவிட்டு, அவற்றின் பெயரில் ஷோர்ட்கட்களை உருவாக்கி வைக்கும் வைரசை நம் பகுதியில் போட்டோக்கொப்பி எடுக்கும் எவரும் அறிவர். பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆய்வுக் கட்டுரையை அச்சிடக் கொண்டுவரும் பென் டிரைவ் ஒன்றே போதும். அடுத்து வரும் அத்தனை பேருக்கும் அது தொற்றிவிடும். இந்த வகையில் பல, டபிள்யூஸ்கிரிப்ட் என்ற விண்டோசின் சொந்தச் செயன்முறையைக் கொண்டுதான் ஓடுகின்றன. அது மைக்ரோசொப்ட் கையொப்பமிட்ட உண்மையான கோப்பு. வைரஸ்டோட்டலும் அதைக் குறைசொல்லாது. குற்றம் அதற்குக் கொடுக்கப்பட்ட கட்டளையில் இருக்கிறது. அந்த வரியை இரட்டைச் சொடுக்கிப் பார்த்தால், கட்டளை வரியில் விபிஎஸ் என்ற வகைக் கட்டளைக் கோப்பு ஒன்றின் பாதை எழுதியிருக்கும். அநேகமாகப் பாவனையாளரின் தற்காலிகக் கோப்புறைக்குள் அது ஒளிந்திருக்கும். அதே பக்கத்தில், கணினி எழும்போது இதைத் தொடக்கும் பதிவு எங்கே இருக்கிறது என்பதையும் கருவி காட்டிவிடுகிறது. பெயரையும் கையொப்பத்தையும் தாண்டிக் கட்டளை வரியை வாசிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தக் கருவியிலிருந்து நான் பெற்ற பெரிய பயன். களவாக விண்டோசை இயக்க வைக்கும் அக்டிவேட்டர்களும் இவ்வாறே, தாமாக ஒரு சேவையாகவோ நேர அட்டவணைப் பணியாகவோ உட்கார்ந்திருப்பதைக் காணலாம். அவற்றை நிறுவும்போது வைரசுக் காவலை நிறுத்தச் சொல்வதை மக்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இடைவெளியில் வேறென்ன உள்ளே வந்தது என்பதை அதன் பிறகு யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

பென் டிரைவ் என்றதும் இன்னொரு நன்மை. பென் டிரைவைப் பாதுகாப்பாகக் கழற்ற முனையும்போது, அது பாவனையில் உள்ளது என்று விண்டோஸ் மறுக்கும். எது பாவிக்கிறது என்று மட்டும் தெளிவாகச் சொல்லாது. புரொசஸ் எக்ஸ்புளோரரில் கண்ட்ரோலையும் எஃப் விசையையும் சேர்த்து அழுத்தி, டிரைவின் எழுத்தைக் கொடுத்துத் தேடினால், அதிலுள்ள எந்தக் கோப்பை எந்தச் செயன்முறை பிடித்து வைத்திருக்கிறது என்று பட்டியலிடும். அநேகமாக மூடப்பட்டது போலத் தெரிந்தும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் வேர்டாகவோ, அப்போதுதான் சோதனை செய்துகொண்டிருக்கும் வைரசுக் காவலாகவோ இருக்கும். வாடிக்கையாளரின் டிரைவைப் பிடுங்கி எடுத்துக் கோப்பைச் சிதைக்காமல் இருக்க, இது ஒன்றுக்காகவே இந்தக் கருவியை ஒவ்வொரு கணினியிலும் வைத்திருக்கலாம். அதேபோல், திடீரென்று திரையில் முளைக்கும் விளம்பரப் பெட்டி யாருடையது என்று அறிய, கருவியின் மேலுள்ள இலக்குக் குறியை இழுத்துக்கொண்டுபோய் அந்தப் பெட்டியின் மேல் விட்டால் போதும். அதற்குரிய செயன்முறை பட்டியலில் தெரிவாகி நிற்கும்.

டேட்டா விடயத்தில் கருவி அவ்வளவு உதவுவதில்லை. பகலுக்கும் இரவுக்கும் எனப் பிரித்து அளந்து தரப்படும் டேட்டா, மாதம் முடியுமுன்னர் எங்கே போனது என்பது இங்கே வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி. ஒரு செயன்முறை எந்த முகவரிகளோடு தொடர்பில் இருக்கிறது என்பதை அதன் டிசிபி ஐபி தாவல் காட்டும். ஆனால் நாள் முழுவதும் எவ்வளவு இறக்கியது என்ற கணக்கைத் தராது. அதற்கு விண்டோசின் செட்டிங்சிலுள்ள டேட்டா பாவனைப் பக்கமும், உடனடி நிலவரத்துக்கு ரிசோர்ஸ் மொனிட்டரும் பொருத்தமானவை. அப்டேட்டுகளை அளவாக இறக்கும் பிட்ஸ் சேவையையும் டெலிவரி ஒப்டிமைசேஷன் சேவையையும் கொல்லத் தேவையில்லை. இணைப்பை மீட்டர் இணைப்பு, அதாவது டேட்டா அளந்து தரப்படும் இணைப்பு, என்று குறித்துவிட்டால் அவை பெருமளவுக்கு அடங்கிவிடும். இறக்கிய அப்டேட்டுகளை இணையத்திலுள்ள வேறு கணினிகளுக்கும் அனுப்ப அனுமதிக்கும் தெரிவு இயங்கினால், அதையும் மூடிவிட வேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, தமிழ் முகப்பு இல்லை. விண்டோசுக்கே தமிழ் முகப்பு கிடைக்கும்போது, இந்தக் கருவி முழுவதும் ஆங்கிலத்திலேயே இருப்பதும், அதன் உதவிக் கோப்பு கணினித் துறை அறிந்தவரை நோக்கியே எழுதப்பட்டிருப்பதும் நம் மாணவர்களுக்குப் பெரிய தடை. இரண்டாவது, இயல்பு எழுத்தின் அளவு மிகச் சிறியது. ஒப்ஷன்ஸ் பட்டியலில் மாற்றலாம் என்றாலும் அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவதுதான் பாரதூரமானது. கொல்லும் கட்டளை மிக எளிதாகக் கைக்கு எட்டுகிறது. டெலிட் விசையை அழுத்தினால் ஒரு சிறிய உறுதிப்படுத்தலோடு செயன்முறை முடிந்துவிடும். கிளையோடு சேர்த்துக் கொல்லும் கட்டளையும் அருகிலேயே இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு திறந்துவிட்டு வின்இனிட், சிஎஸ்ஆர்எஸ்எஸ் போன்றவற்றை முடித்தால், முறைமையின் உயிர்நாடியான செயன்முறை இறந்துவிட்டது என்ற நீலத் திரையோடு கணினி விழும். சேமிக்காத வேலை போய்விடும். வாசிப்பதற்கு மட்டுமான ஒரு முறை, அதாவது எதையும் முடிக்க இயலாத ஒரு பாடசாலைப் பதிப்பு, இருந்திருந்தால் நான் தயங்காமல் எல்லா வகுப்பறைகளுக்கும் பரிந்துரைப்பேன். இப்போதைய நிலையில், ஆசிரியர் அருகில் இருக்க வேண்டும்.

தரவிறக்கும்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. மைக்ரோசொப்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். இந்தக் கருவி ஆழமான விவரங்களைப் படிப்பதற்காகக் விண்டோசின் மையப் பகுதியான கேர்னலுக்குள் ஒரு சாதன இயக்கியை (டிரைவர்) ஏற்றுகிறது. அதன் பழைய பதிப்பொன்றின் இயக்கியைத் தாக்குதல்காரர்கள் எடுத்து, வைரசுக் காவல்களை முடக்குவதற்குப் பாவித்தமை 2023இல் வெளிவந்தது. எங்கோ ஒரு நண்பரின் பென் டிரைவில் வருடக்கணக்காகக் கிடக்கும் பிரதியைக் கொண்டு வேலை செய்வதற்கு அதனால்தான் நான் உடன்படுவதில்லை.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், திருத்தகம் நடத்துபவர்களுக்கும், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் கணினி படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும், பாடசாலைக் கணினிக் கூடங்களைப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்களுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். வீட்டில் படம் பார்க்கவும் கடிதம் எழுதவும் மட்டும் கணினி வைத்திருப்பவருக்கு டாஸ்க் மனேஜரே போதும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது வரும். அதிலுள்ள ஸ்டாட்டப் தாவலில் தேவையற்றவற்றை நிறுத்துவது அவருக்குப் பாதுகாப்பான முதல் வேலை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. நம்மிடையே உள்ள பழைய கணினிகளில் பல, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புரொசசர் கொண்டவை என்பதால், விண்டோஸ் 11ஐ அவற்றுக்கு மைக்ரோசொப்ட் அதிகாரபூர்வமாக அனுமதிப்பதில்லை. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன கணினியில் பின்னணியைக் கவனித்து வாசிக்க வேண்டிய தேவை குறையப்போவதில்லை, கூடத்தான் போகிறது.

அத்தகைய கணினியைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் இதே தொகுதியில் உள்ள ஒட்டோரன்ஸ் என்ற கருவியையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போது ஓடுவதைப் புரொசஸ் எக்ஸ்புளோரர் காட்டுகிறது. அடுத்த தடவை கணினி எழும்போது எவை தாமாக ஓடப்போகின்றன என்பதை ஒட்டோரன்ஸ் காட்டுகிறது. சேவைகள், நேர அட்டவணைப் பணிகள், சாதன இயக்கிகள் என்று எல்லா இடத்தையும் துருவிப் பட்டியலிடும். மைக்ரோசொப்டுக்குச் சொந்தமானவற்றை மறைக்கும் தெரிவை இயக்கினால், பட்டியல் வாசிக்கக்கூடிய அளவுக்குச் சுருங்கும். ஒன்றின் எதிரே உள்ள சரி அடையாளத்தை எடுத்தால் அது அழியாமல் முடக்கத்தில் மட்டும் இருக்கும். தவறென்று தெரிந்தால் திரும்ப இடலாம். விண்டோசை ஏற்றித் தேவையான மென்பொருள்களையும் தமிழ்த் தட்டச்சையும் நிறுவி முடித்த அன்றே, ஒட்டோரன்சின் பட்டியலைச் சேமித்து, கணினியின் பெயரை இட்டு வேறொரு டிரைவில் வைத்துவிடுங்கள். பிறகு கணினி சரியில்லை என்று முறைப்பாடு வரும் நாளில், ஃபைல் பட்டியலிலுள்ள ஒப்பிடும் கட்டளையால் அந்தப் பழைய பட்டியலைத் திறந்தால், இடையில் புதிதாகச் சேர்ந்தவை பச்சை நிறத்தில் தனித்துத் தெரியும். திருத்துபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பச்சை வரிகளைத்தான்.